பணத்தை வாங்குங்கள், பத்து ஹெட்செட் வேண்டாம்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் எங்கள் பழைய மாணவர்கள் 'விஆர் வகுப்பறை' ஒன்று அமைத்துத் தர முன்வந்திருக்கிறார்கள். கண்ணில் மாட்டி மெய்நிகர் காட்சி பார்க்கும் கண்ணாடியான ஹெட்செட் பத்துக்குப் பணம் தயார். அதிபருக்கும் சம்மதம். எனக்குத்தான் தயக்கம். வாங்கலாமா? வாங்கினால் எந்தப் பாடத்துக்குப் பயன்படுத்துவது?"

பணத்தை வாங்குங்கள், ரீச்சர். பத்து ஹெட்செட் வேண்டாம், இரண்டு போதும். மீதிப் பணத்துக்கு அதைவிட நல்ல வேலை இருக்கிறது.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தரம் 10 வகுப்பில் 40 பிள்ளைகள், பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஹெட்செட் என்றால் நான்கு சுற்று, சுற்றுக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் கண்ணாடியை மாட்ட வேண்டும், பட்டியை இறுக்க வேண்டும், மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லும் பிள்ளைக்கு வில்லையை நகர்த்திக் கொடுக்க வேண்டும், தவறான இடத்தைத் தட்டி முகப்புக்குத் திரும்பிவிட்ட பிள்ளையை மீட்டெடுக்க வேண்டும். எஞ்சுவது ஐந்து நிமிடம். அந்த நேரத்தில் மற்ற 30 பேரும் தங்கள் முறைக்காகச் சத்தம் போட்டுக்கொண்டு நிற்பார்கள். ஹெட்செட் மாட்டிய பிள்ளை விரலை நீட்டி "இது என்ன?" என்று கேட்கும். அந்த விரல் எதைக் காட்டுகிறது என்பது உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கும் தெரியாது. அது காட்டுவது வெறும் சுவரைத்தான். படத்தைத் திரையில் பிரதிபலிக்கும் வசதி இருக்கிறது. ஆனால் பாடசாலை வைஃபையில் பத்துப் படத்தை ஒரே நேரத்தில் பிரதிபலிக்க முடியாது.

விஆர் என்ற மெய்நிகர் உண்மை கண்ணை முழுதாக மூடிவிட்டு வேறோர் இடத்தைக் காட்டுவது. ஏஆர் என்ற மிகை உண்மை, முன்னால் இருக்கும் மேசையையும் புத்தகத்தையும் மணலையும் மறைக்காமல் அவற்றின் மேலேயே படத்தை ஏற்றுவது. இரண்டும் நேற்று வந்தவை அல்ல. ஐவன் சதர்லண்ட் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் தலையில் மாட்டும் திரையை 1968இலேயே செய்து காட்டினார். அது கூரையிலிருந்து வந்த தண்டு ஒன்றுடன் பிணைக்கப்பட்டிருந்தது. படத்துக்கு ஊடாக அறையும் தெரிந்ததால் இரண்டு கட்சிக்காரரும் அவரைத் தங்கள் பாட்டன் என்கிறார்கள். ஏஆருக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயர் 1990களின் தொடக்கத்தில் போயிங் விமான நிறுவனத்தில் வைக்கப்பட்டது. விமானத்துக்குரிய வயர்களைப் பொருத்தும் தொழிலாளி அடிக்கடி வரைபடத்தைத் திரும்பிப் பார்க்காமல், வேலை செய்யும் பலகையிலேயே வழி தெரிய வேண்டும் என்பதுதான் அங்கே தேவையாக இருந்தது. வகுப்பறையின் தேவையும் பெரும்பாலும் அதுதான் என்பது என் எண்ணம். பிள்ளையின் கண் பாடப்பொருளிலும் ஆசிரியரிலும் பக்கத்துப் பிள்ளையிலும் இருக்க வேண்டும். அதற்கு ஏஆர் பொருந்துகிறது. விஆர் அந்தக் கண்ணையே மூடிவிடுகிறது.

பழைய மாணவர்கள், "வெளிநாட்டுப் பாடசாலைகளில் எல்லாம் வந்துவிட்டதே" என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல இரண்டு ஆய்வுகள் போதும். 2019இல் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் மக்ரான்ஸ்கி குழுவினர், ஒரே மெய்நிகர் ஆய்வுகூடப் பயிற்சியைச் சாதாரணக் கணினித் திரையிலும் ஹெட்செட்டிலும் கொடுத்து ஒப்பிட்டார்கள். ஹெட்செட்டில் செய்தவர்களுக்கு அந்த இடத்திலேயே நின்றதுபோன்ற உணர்வு கூடியது. கற்றது குறைந்தது. மூளை அலைப் பதிவும் அவர்களுடைய மூளைக்குச் சுமை மிஞ்சியதைக் காட்டியது. அதற்கு முந்திய ஆண்டு கலிபோர்னியாவில் பரோங், மேயர் என்ற இருவர், குருதியின் பாதையை விஆரிலும் சாதாரணப் படவில்லைகளிலும் காட்டிச் சோதித்தார்கள். விஆர் பார்த்தவர்களுக்கு ஆர்வம் கூட, படவில்லை பார்த்தவர்களுக்குப் புள்ளி கூட. ஆனால் அவர்களுடைய இரண்டாவது சோதனைதான் நமக்கு முக்கியம். விஆர் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் கண்டதைச் சுருக்கி எழுதச் சொன்னபோது, எழுதாமல் பார்த்தவர்களைவிட எழுதியவர்கள் நன்றாகக் கற்றார்கள். ஹெட்செட்டைக் கழற்றிய பிறகு என்ன நடக்கிறது என்பதிலேயே பாடம் தங்கியிருக்கிறது.

அப்படியானால் விஆர் எதற்கு? ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெயிலன்சன் நல்ல அளவுகோல் ஒன்றைச் சொல்கிறார். நேரில் செய்தால் ஆபத்தானது, நேரில் செய்யவே இயலாதது, செய்தால் கேடு விளைவிப்பது, செய்யப் பெருஞ்செலவு பிடிப்பது ஆகிய நான்குக்கும் விஆரைப் பயன்படுத்துங்கள், மற்றவற்றுக்கு வேண்டாம் என்கிறார். இதை மட்டக்களப்பில் வைத்துப் பார்ப்போம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ், நமது கரைக்கு அப்பால் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குக்காகச் சுழியோடுபவர்களுக்கு விதிக்கப்பட்ட எல்லையே 40 மீற்றர். இரண்டாம் உலகப் போரைப் படிக்கும் பிள்ளையை அங்கே இறக்க முடியாது. அதை ஹெட்செட்டில் காட்ட யாராவது முன்வந்தால் முதல் ஆளாக நான் கைதட்டுவேன். ஆனால் பாடசாலைக்குப் பின்னால் வாவி இருக்க, கரையில் கண்டல் மரம் வேரூன்றி நிற்க, கண்டற் சூழற்றொகுதியை ஹெட்செட்டில் காட்டுவது வெட்கக்கேடு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேற்றில் இறக்குங்கள்.

இனி அந்த மீதிப் பணம். என் பரிந்துரை ஏஆர் மணற்பெட்டி.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஒலிவர் கிரெய்லோஸ் என்பவர் உருவாக்கி, மென்பொருளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட ஏற்பாடு இது. ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமும் முக்கால் மீற்றர் அகலமும் உள்ள பெட்டியில் பத்துச் சென்ரிமீற்றர் உயரத்துக்கு மணல். ஒரு மீற்றர் மேலே, ஆழத்தை அளக்கும் கமரா ஒன்று. முன்பு எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுக் கருவியோடு விற்கப்பட்ட கினெக்ட்தான் அது. அதன் பக்கத்தில் கீழ்நோக்கித் தொங்கும் மல்டிமீடியா புரொஜெக்டர். கமரா மணலின் மேடுபள்ளத்தை இடைவிடாமல் அளக்க, கணினி அதற்குரிய சமவுயரக் கோடுகளையும் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) நிறங்களையும் கணித்து மணலின் மேலேயே ஒளியாக விழுத்துகிறது. கையால் மணலைக் குவித்தால், குவிந்த இடத்தைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள் எழுகின்றன. உச்சியைக் கிள்ளி எடுத்தால் உள்வளையம் மறைகிறது.

இதை ஏன் நமது ஊருக்குச் சொல்கிறேன் என்றால், சமவுயரக் கோடு வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரைப் பிள்ளைக்கு மிகக் கடினமான பாடம். தட்டையான கரையில் வளரும் பிள்ளைக்கு உயரம் என்றால் தென்னை மரமும் தண்ணீர்த் தாங்கியும் கல்லடிப் பாலமும்தான். படுவான்கரைப் பிள்ளைக்காவது வானம் தெளிந்த நாளில் தூரத்தில் குடும்பிமலை தெரியக்கூடும். இந்தப் பிள்ளைகளிடம் 1:50,000 இடவிளக்கப் படத்தைக் கொடுத்து, பள்ளத்தாக்கு எது, மலையிலிருந்து நீண்டு இறங்கும் மேடு எது என்று கேட்டால், இரண்டும் வளைந்த கோடுகள்தானே என்று விழிக்கிறார்கள். வளைவு உயர்ந்த பக்கம் நோக்கிக் குத்தினால் பள்ளத்தாக்கு, தாழ்ந்த பக்கம் நோக்கித் தள்ளினால் மேடு என்று மனப்பாடம் செய்கிறார்கள். பரீட்சை மண்டபத்தில் அதுவே தலைகீழாக ஞாபகம் வருகிறது.

மணற்பெட்டியில் மனப்பாடத்துக்கு வேலை இல்லை. ஒரு பிள்ளை மணல் மலை கட்டட்டும். இன்னொரு பிள்ளை சுட்டுவிரலால் சரிவின் மேலிருந்து கீழாக ஒரு வாய்க்கால் கீறட்டும். விரல் போன வழியெல்லாம் கோடுகள் உச்சியை நோக்கி உள்வாங்கி வளைவதை எல்லோரும் காண்பார்கள். அந்த வாய்க்காலை மணலால் நிரப்பி, இன்னும் கொஞ்சம் மணல் இட்டு முதுகுபோல் உயர்த்தினால், அதே கோடுகள் மறுபக்கம் புரண்டு கீழ்நோக்கிப் பிதுங்கும். மலையின் ஒரு பக்கத்தைக் கையால் தட்டிச் செங்குத்தாக்கினால் கோடுகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். குழிவுச் சாய்வையும் குவிவுச் சாய்வையும் வேறுபடுத்த இதைவிட எளிய வழியை நான் அறியேன். இவ்வளவும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி நின்று, ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டு, நீங்கள் கேள்வி கேட்க, அவர்கள் கையால் விடை சொல்ல நடக்கிறது. யாருடைய கண்ணும் மூடப்படவில்லை.

மழையும் பெய்விக்கலாம். மணலுக்கு மேலே சற்று உயரத்தில் விரித்த கையைப் பிடித்தால் கமரா அதை முகிலாகக் கருதும். கைக்குக் கீழே நீல நிறத்தில் தண்ணீர் விழுந்து, சரிவுகளில் ஓடி, பள்ளத்தில் தேங்கும். இங்கேதான் மட்டக்களப்பு வாவியைக் கட்டச் சொல்கிறேன். வடக்குத் தெற்காக நீண்ட ஒரு பள்ளம், மேற்கே வயல் நிலம், கிழக்கே கடல், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் மணல் திட்டு. மேற்கே மழை பெய்யட்டும். வாவி நிறைந்து வயலுக்குள் ஏறும். அப்போது ஒரு பிள்ளை விரலால் முகத்துவாரத்தை வெட்டட்டும். தண்ணீர் கடலுக்கு வழியும், வயல் வடியும். மார்கழி மழையில் முகத்துவாரம் வெட்டலாமா, எப்போது வெட்டுவது என்று விவசாயிகளும் மீனவர்களும் வாதிடுவதை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அந்த வாதத்தை இந்தப் பெட்டியில் நடத்திப் பார்க்கலாம்.

ஒன்றை மறக்காமல் சொல்லிக் கொடுங்கள். பெட்டியில் ஓடும் தண்ணீர் வெறும் வெளிச்சம், அது மணலை அரிக்காது. உண்மையான முகத்துவாரத்தில் சிறிதாக வெட்டிய வாயைத் தண்ணீரே அகலமாக்கிக்கொள்ளும். பின்னர் கடலலை மணலைக் கொண்டு வந்து அதை மூடும். மாதிரி எங்கே பொய் சொல்கிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொன்னால் அது தனியே ஒரு நல்ல பாடமாகும்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. அவ்வளவு மணல் நூறு கிலோவைத் தாண்டும், வகுப்பறை மேசை தாங்காது. ஊர்த் தச்சரிடம் பலமான கால் வைத்துச் செய்வியுங்கள், அடியில் பூட்டுள்ள சில்லுப் போட்டால் அறைக்கு அறை தள்ளலாம். வெளிறிய மணலாக எடுங்கள், கறுத்த மணலில் நிறம் எடுபடாது. கடல் மணல் என்றால் நன்றாகக் கழுவி உப்பைப் போக்கி உலர்த்துங்கள், உப்புத் தூசி புரொஜெக்டருக்கு ஆகாது. கணினி லினக்சில் இயங்க வேண்டும், விளையாட்டுக்கு ஏற்ற கிரபிக்ஸ் கார்ட் இருக்க வேண்டும். செலவில் பெரும்பகுதி இந்தக் கணினிக்கே போகும். ஆனால் மணற்பெட்டி பூட்டிக் கிடக்கும் நாளில் அதே கணினி வேறு வேலைக்கும் உதவும்.

அடுத்தது டப் என்ற கைக்கணினி. பிள்ளைகள் கைத்தொலைபேசி கொண்டு வர அனுமதி இல்லாத பாடசாலையில் பிள்ளைகளின் தொலைபேசியை நம்பித் திட்டம் போட முடியாது. பாடசாலைக்கென்று நான்கைந்து டப் வாங்குங்கள். வாங்குமுன் இரண்டைப் பாருங்கள். ஒன்று, கைரோஸ்கோப் உணரி இருக்கிறதா என்பது. விலை குறைந்த கருவிகள் பலவற்றில் இது இல்லை. இல்லாவிட்டால் கருவியை எந்தப் பக்கம் திருப்பினாலும் 360 பாகைப் படம் ஒழுங்காகத் திரும்பாது. மற்றது, கூகிளின் ஏஆர் மென்பொருளான ஏஆர்கோர் இயங்கும் கருவிகளின் பட்டியலில் அந்த மாதிரி இருக்கிறதா என்பது. பட்டியலில் உள்ள கருவியில் ஜியோஜிப்ரா என்ற கணித மென்பொருளின் முப்பரிமாணக் கணிப்பானைத் திறந்தால், கூம்பையும் கோளத்தையும் வகுப்பறைத் தரையில் நிறுத்தி அதைச் சுற்றி நடந்து பார்க்கலாம். பட்டியலில் இல்லாத கருவியையும் ஒதுக்க வேண்டாம். அச்சடித்த அட்டையைக் கமராவுக்குக் காட்டினால் அதன் மேல் உருவம் எழும் முறைக்குக் கமரா மட்டும் போதும். அதற்கான மென்பொருள்களான ஏஆர்.ஜேஎஸ், மைன்ட்ஏஆர் இரண்டும் இலவசம். உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் கற்றுக்கொள்ளக்கூடியவைதான்.

மெய்நிகர் ஆய்வுகூடத்துக்கு எந்தக் கண்ணாடியும் தேவையில்லை. கொலராடோப் பல்கலைக்கழகத்தின் பெற் (PhET) என்ற கணினிச் செயல்விளக்கங்களை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத நாளிலும் பழைய கணினியில் ஓடும். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது அது. பல செயல்விளக்கங்கள் தமிழிலும் உண்டு.

இனி அந்த இரண்டு ஹெட்செட். மெட்டா குவெஸ்ட் 3எஸ் 2024இல் 299 டொலருக்கு வெளிவந்தது. நமது பணத்தில் பெருக்கி, சுங்க வரியையும் கூட்டிக்கொள்ளுங்கள். பாடவேளையில் முழு வகுப்புக்கும் சுற்றுவிட வேண்டாம். பாடசாலை முடிந்தபின் நான்கைந்து பிள்ளைகள் கொண்ட குழு வரட்டும். ஒருவர் மாட்ட, அவர் காண்பது திரையில் பிரதிபலிக்க, மற்றவர்கள் கேள்வி கேட்க, மாட்டியவர் பதில் சொல்லட்டும். கழற்றியதும் அரைப் பக்கம் எழுதட்டும். ஆங்கிலத்தில் பேசும் ஒலியை அணைத்துவிட்டு நீங்களே பாடநூலின் சொற்களில் விளக்குங்கள். நிற்கும் இடம் மாறாத காட்சிகளாகத் தெரிவு செய்யுங்கள், பிள்ளையைக் கதிரையில் இருத்துங்கள். கண் ஓடுகிறேன் என்று சொல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சும்மா இருக்கிறேன் என்று சொல்வதால்தான் தலை சுற்றுகிறது. பத்து நிமிடத்தில் கழற்றிவிடுங்கள். வலிப்பு நோய் உள்ள பிள்ளைக்கு மாட்டவே வேண்டாம். மெட்டா நிறுவனமே 10 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கணக்குத் திறக்க விடுவதில்லை. ஆகவே ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் இரவல் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு வரும் பிள்ளைகள் நமது பிள்ளைகள். நமது வெக்கையில் எண்ணெயும் வியர்வையும் பஞ்சு உறையில் ஊறினால் ஒரு தவணையில் அதைத் தொடவே மனம் வராது. துடைக்கக்கூடிய சிலிக்கன் உறை வாங்குங்கள். பேன் பயமும் உண்மைதான், பெற்றோர் கேட்பார்கள். பட்டியைத் தலையில் மாட்டாமல் இரு கைகளாலும் கண்ணருகே பிடித்துப் பார்க்க விட்டால் அந்தப் பிரச்சினை பெருமளவு தீரும். பர்தா அணியும் பிள்ளைகளுக்கும் அது வசதி.

உள்ளடக்கத்துக்கு ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க வேண்டாம். கூகிள் எக்ஸ்பெடிஷன்ஸ் என்ற செயலி 2015இல் பெரும் ஆரவாரத்தோடு வந்தது. அட்டைக் கண்ணாடியோடு உலகமெங்கும் வகுப்பறைகளில் பயன்படுத்தினார்கள். 2021 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பிப் பாடம் தயாரித்த ஆசிரியர்கள் கையைப் பிசைந்தார்கள். 360 பாகைக் கமரா ஒன்று வாங்கி நீங்களே படம் எடுத்தால் கோப்பு உங்கள் கணினியில் இருக்கும். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மட்டக்களப்புக் கோட்டை, ஒலுவில் துறைமுகம், உப்போடைக் கரை என்று பிள்ளைகளே பட்டியல் போடட்டும். சங்கீதப் பாட ஆசிரியர் ஆர்வம் காட்டினால் இன்னொன்றும் செய்யலாம். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் பழந்தமிழரின் யாழ்களை ஆராய்ந்து விளக்கினார். அவற்றில் ஒன்றை பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் வடித்து மேசைமேல் ஏஆராக நிறுத்துவது உயர்தரப் பிள்ளைகள் சிலருக்கு ஒரு விடுமுறைக்கு ஏற்ற வேலை.

ஆனால் சுனாமியை ஹெட்செட்டில் காட்டும்படி யார் கேட்டாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அனர்த்த விழிப்புணர்வு என்ற பெயரில் கேட்பார்கள். இன்றைய பிள்ளைகள் 2004க்குப் பின் பிறந்தவர்கள்தான். ஆசிரியர்களும் பெற்றோரும் அப்படியல்ல. அவர்களிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு நாலாபக்கமும் தண்ணீர் எழும் காட்சியை விளையாட்டாகக் கொடுக்க முடியாது. எந்த வழியாக ஓடுவது, எங்கே கூடுவது என்பதை வரைபடத்திலும் நேரில் நடந்தும் பழக்கலாம்.

பழைய மாணவர்களுக்கு எழுதும்போது கருவிப் பட்டியலோடு நிறுத்தாதீர்கள். நமது பாடசாலைகளில் கருவிகள் பழுதாவதைவிட அலுமாரிக்குள் உறங்குவதே அதிகம். பழக்கிய ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தால் திறப்பு அதிபரின் மேசைக்குப் போய்விடும். ஆகவே குறைந்தது இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி, அவர்களில் ஒருவர் அந்த ஊர்க்காரர், கூடவே தரம் 9, 10 பிள்ளைகள் கொண்ட பொறுப்புக் குழு என்று எழுதுங்கள். பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை இரண்டாம் ஆண்டுப் பராமரிப்புக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். புரொஜெக்டரின் விளக்கு ஒருநாள் மங்கத்தான் செய்யும்.

கினெக்டை இலண்டனில் பழைய சாமான் கடையிலேயே வாங்கி அனுப்பச் சொல்லலாம், அங்கே மலிவு. எக்ஸ்பொக்ஸ் 360க்கு உரிய 1414 என்ற மாதிரி இந்த மென்பொருளோடு ஒத்துப்போகும். அந்த எண் அடிப்பக்கச் சீட்டில் இருக்கும். எக்ஸ்பொக்ஸோடு சேர்த்து விற்கப்பட்ட கினெக்டுகள் சிலவற்றில் கணினிக்குப் பொருத்தும் மின் அடாப்டர் வயர் இருக்காது. அதைத் தனியாகக் கேட்டு வாங்கி, அதே பொதியில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.